எல்லாரும் சேர்ந்து படிக்கும் பள்ளி

சற்றுத் தள்ளி அமருங்கள் ஐயா, குழந்தையும் உட்கார்ந்துகொள்ளட்டும். மிக்க நன்றி. உட்கார், இளவெயினி. தாத்தாவுக்கு வணக்கம் சொல்.

சொல்ல மாட்டாள். தவறாக எண்ணாதீர்கள், ஊமை இல்லை. சென்ற ஆகஸ்டு வரையில் இவள் வாயைக் கொஞ்ச நேரமாவது மூடச் சொல்லி நாங்கள்தான் கெஞ்சிக்கொண்டிருந்தோம். இப்போது கேட்டால் தலையை ஆட்டுகிறாள். சோற்றைப் பிசைகிறாள், உண்பதில்லை. மருத்துவர் பார்த்துவிட்டார். உடம்பில் ஒன்றும் இல்லையாம்.

நீங்கள் பேரனை அழைத்துப்போக வந்தீர்களா? நான் ஒரு தாயைப் பார்க்க வந்திருக்கிறேன். இந்தப் பள்ளியில், இரண்டாம் வகுப்பில், எஸ்தர் என்று ஒரு சிறுமி படிக்கிறாள். தெரியுமா? உங்கள் பிளாக்கிலேயே வசிக்கிறார்களா? ஐயா, உங்களைக் கண்டது என் நற்பேறு. மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. நான் சொல்வதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்தத் தாயிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள். எஸ்தர் பழைய பள்ளிக்குத் திரும்ப வேண்டும். அவள் வந்தால் மற்றக் குழந்தைகளும் வருவார்கள், பள்ளி பிழைக்கும், இவளும் பிழைப்பாள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் அறவாழி. புள்ளியியல் துறையில் கண்காணிப்பாளர். பாலத்துக்கு அந்தப் பக்கம், கால்வாய் ஓரமாக உயர்ந்து நிற்கிறதே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, அங்கேதான் வீடு. சிரிக்கிறீர்கள். மேடையில் பேசுவதுபோல் பேசுகிறேன் என்றுதானே? அலுவலகத்திலும் சிரிப்பார்கள். நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

குழந்தைக்குப் பள்ளி தேடுகிறவர்கள் எதை எதையோ பார்க்கிறார்கள். கட்டடத்தைப் பார்க்கிறார்கள், பேருந்தைப் பார்க்கிறார்கள், ஆங்கிலத்தைப் பார்க்கிறார்கள். நான் ஒன்றைத்தான் பார்த்தேன். என் மகளுக்குப் பக்கத்தில் யார் உட்காரப்போகிறார்கள்? காசு கொடுத்து வாங்கும் கல்வி வேண்டாம் என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். அரசின் பள்ளிதான். ஆனால் எந்தப் பள்ளி? அலுவலர் குடியிருப்புக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. அங்கே அத்தனை பேரும் அலுவலர் வீட்டுப் பிள்ளைகள். வேண்டாம் என்றேன். இதே பள்ளியையும் எண்ணிப் பார்த்தேன். இங்கே அத்தனை பேரும் ஹவுசிங் போர்டுப் பிள்ளைகள். ஒரே மாதிரிப் பிள்ளைகளிடமிருந்து என் மகள் எதைக் கற்பாள்? கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

எங்கள் வீட்டருகே, பாலத்தடியில் இருந்தது மூன்றாவது பள்ளி. மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. செவிலியர் மகன், சலவைக்கடைக்காரர் மகள், ஆட்டோ ஓட்டுபவர் பிள்ளை, எழுத்தர் வீட்டுப் பிள்ளை. பாலத்தைக் கடந்து உங்கள் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளும் நிறைய. எல்லாரும் ஒரே பாயில். அன்றே முடிவு செய்தேன். என் மனைவி கலாவதி அழுதாள். அவள் தம்பி கைப்பேசியில் கேட்டான்: “மாமா, உங்க கொள்கைய சோதிச்சுப் பாக்க வேற எதுவும் கெடைக்கலியா? கொழந்ததான் கெடச்சுதா?” நான் அசையவில்லை. ஒரு சமூகம் எப்படி வாழப்போகிறது என்பதை அதன் பிள்ளைகள் யாரோடு உட்கார்ந்து சோறு உண்கிறார்கள் என்பதில் காணலாம் ஐயா. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

முதல் ஆண்டு பொற்காலம். எஸ்தரும் இவளும் இரட்டைப் பிறவிகள்போல் ஆனார்கள். சத்துணவு முட்டையில் இவளுக்கு மஞ்சள் கரு பிடிக்காது, எஸ்தருக்கு வெள்ளை பிடிக்காது. முட்டை நாளில் இரண்டு தட்டும் ஒரே தட்டுதான். கபடியும் கற்றாள், சில சொற்களும் கற்றாள். சொற்களை நான் திருத்தினேன். மாலையில் வீட்டுக்கு வந்தால் எஸ்தர் சொன்னாள், எஸ்தர் சொன்னாள் என்று வேறு பேச்சே இல்லை. என் முடிவு சரி என்று நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன்.

எனக்குக் கிடைத்த நன்மை என்னோடு நின்றுவிடலாமா? கூடாது அல்லவா? எங்கள் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியின் முன்னால் நின்றுகூடப் பேசியிருக்கிறேன். முதலில் நகைத்தார்கள். பிறகு ஒருவர் வந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர். எங்கள் சங்கச் செயலாளர் வரதன்கூடத் தம் மகனைக் கொண்டுவந்து சேர்த்தார். தலைமை ஆசிரியை செந்தாமரை டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், உங்களுக்குக் கோயில் கட்டணும்” என்றார். கோயில் வேண்டாம் அம்மா, இந்த ஒற்றுமை நிலைத்தால் போதும் என்றேன்.

நிலைக்க வேண்டும் என்றால் பெற்றோர் கூடிப் பேச வேண்டும். பள்ளியில் மின்விசிறி பழுது. ஆகவே கூட்டத்தை எங்கள் குடியிருப்பின் பொது அறையில் வைத்தேன். உங்கள் பக்கத்துத் தாய்மார்களும் வந்தார்கள். வாயிற்காவலர் அவர்களைப் பதிவேட்டில் கையெழுத்திடச் சொல்லிவிட்டு, வேலைக்காரர் மின்தூக்கியில் அனுப்பிவைத்தாராம். அவர் வழக்கம் அது. பாதிப் பேர் எங்கள் வீடுகளில் வேலை செய்கிறவர்கள் என்பதால் அவர்களுக்கும் பழகிய வழிதான்.

நாற்காலிகள் நிறைய இருந்தன. ஆனால் அவர்கள் சுவர் ஓரமாகத் தரையில் அமர்ந்தார்கள். “மேலே உட்காருங்கள் அம்மா” என்று நானே சொன்னேன். “இருக்கட்டும் சார், எங்களுக்கு இதான் வசதி” என்றார்கள். என்ன பணிவு! இத்தனை படித்த நமக்கு அந்தப் பணிவு வருமா?

நான் ஒரு கதை சொன்னேன். ஓர் உழவனிடம் இரண்டு துண்டு நிலம் இருந்தது. ஒன்று மணல், மற்றொன்று களிமண். மணலில் நீர் நில்லாது, களிமண்ணில் வேர் இறங்காது. வாழ்நாள் முழுவதும் இரண்டையும் சபித்துக்கொண்டிருந்தான். ஒரு கோடையில் இரண்டையும் வெட்டிச் சுமந்து ஒன்றாகக் கலந்தான். அந்த ஆண்டு களம் நிறைந்தது. நாமும் அப்படிக் கலப்போம் என்று முடித்தேன். எங்கள் பக்கத்தில் கை தட்டினார்கள். தரையிலிருந்து எஸ்தரின் தாய் சகாயமேரி கேட்டார்: “சார், இதுல மணலு யாரு, களிமண்ணு யாரு?” பக்கத்திலிருந்த அம்மாள், “இதக் கேக்கணுமாக்கா? எங்க வாத்தியாரு எந்தலையில இன்னா கீதுன்னு டெய்லி சொல்லுவாரு” என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் கதையை அவ்வளவு சுவைத்துக் கேட்டவர்கள் அதுவரை எவரும் இல்லை.

பிறகு பேச்சு தூய்மைக்கு வந்தது. எங்கள் தாய்மார்களுக்கு ஒரு கவலை. பிள்ளைகள் தலையில் பேன். அதைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே வரதனின் துணைவியார், “சகாயம், உள்ள டிகாஷன் எறக்கி வச்சிருக்கேன். ஒரு எட்டு போயி எல்லாருக்கும் காபி கலந்துட்டு வந்துடேன்” என்றார். சகாயமேரி அவர்கள் வீட்டில்தான் வேலை செய்தார். எழுந்து போனார், உதவிக்கு இன்னும் இரண்டு பேர் போனார்கள். அவர்கள் காபியோடு திரும்புவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஒருமனதாக. காபியும் நன்றாக இருந்தது.

தீர்மானம் என்னவென்று கேட்கிறீர்களா? தீமை ஒன்றும் இல்லை ஐயா. தேவைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு தூய்மைப் பெட்டி. சோப்பு, தேங்காய் எண்ணெய், நகவெட்டி, கைக்குட்டை, பேன் சீப்பு. யாரிடமும் கை நீட்டாமல் நானே வாங்கினேன். மூடியில் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் என் கையாலேயே எழுதினேன். விடுதலை நாளில், கொடியேற்றம் முடிந்ததும், மேடையில் வைத்துக் கொடுத்தோம். பாலத்தைக் கடந்து வரும் பிள்ளைகளை மட்டும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தோம். மற்றவர்களுக்கு வீட்டிலேயே எல்லாம் இருக்கிறதே, எதற்கு வீண்? தூய்மை செல்வரின் தனியுடைமை அன்று, அது ஏழைக்கும் உரிய செல்வம் என்று நான் ஓர் உரையும் ஆற்றினேன். அந்த உரையைத் தயாரிக்க ஒரு வாரம் உழைத்தேன்.

எஸ்தர் மேடைக்கு வந்தாள். பெட்டியை வாங்கினாள். அங்கேயே திறந்து பார்த்தாள். சீப்பை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மூடினாள், மேசைமேல் வைத்தாள், இறங்கி நடந்தாள். பின்வரிசையில் வரதனின் மகன், “பேன் டப்பா! பேன் டப்பா!” என்று கூவினான். சிறுவர்கள், தெரியாமல் செய்வார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா? ஆனால் அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு அதுவே பெயராகிவிட்டது.

வீட்டுக்கு நடந்து போகும்போது இவள் கேட்டாள்: “அப்பா, எனக்கு ஏன் டப்பா குடுக்கல?” உனக்குத் தலை சீவிவிட வீட்டில் அம்மா இருக்கிறாள் என்றேன். “எஸ்தருக்கும் அம்மா இருக்காங்களே?” என்றாள். பிறகு, “எனக்குந்தான் பேன் இருக்கு” என்றாள். மனைவி உட்காரவைத்துச் சீவிப் பார்த்தாள். இருந்தது உண்மைதான். அது எங்கிருந்து வந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

இவள் என்னிடம் தொடர்ச்சியாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான் ஐயா.

மறுவாரம் எஸ்தர் வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இங்கே சேர்ந்துவிட்டாள் என்றார்கள். அவள் பின்னால் ஒவ்வொரு குழந்தையும் பாலத்தைத் திரும்பக் கடந்தது. வரதன் வீட்டு வேலையையும் சகாயமேரி விட்டுவிட்டாராம். வகுப்பறைகள் காலியாகக் காலியாக எங்கள் குடியிருப்பாரும் கலங்கினார்கள். “நீங்க சொன்னீங்கன்னுதான் சேத்தோம். பள்ளிக்கூடமே இருக்காது போலிருக்கே அறவாழி?” என்றார் வரதன். அரையாண்டு விடுமுறை முடிந்ததும் அவர்கள் அத்தனை பேரும் தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள். தோழமைக்காகத் தட்டிய கதவுகளில் இப்போது நான் தட்டினால் உள்ளே தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கிறார்கள்.

பிள்ளைகள் இல்லாத பள்ளியை வைத்துக்கொண்டு மாநகராட்சி என்ன செய்யும்? அடுத்த ஆண்டு மூடிவிடுவார்களாம். செந்தாமரை டீச்சர் என்னிடம் சொன்னார்: “சார், ஊருக்கெல்லாம் நல்லது பண்ணுங்க. எம் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் பண்ணாம இருந்திருக்கலாம்.” கோயில் கட்ட வேண்டும் என்ற அதே வாய், ஐயா.

இரண்டாம் வகுப்பில் இவள் இப்போது தனியாக உட்காருகிறாள். பக்கத்து இடத்தில் பையை வைத்திருக்கிறாளாம். எடுக்கச் சொன்னால் எடுப்பதில்லை. முட்டை போட்டால் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறாள். ஆயா தட்டைக் கழுவும்வரை அது அங்கேயே இருக்கிறது. இதைச் சொல்லும்போது ஆயா அழுதார். நான் இவளுக்கு நீதி சொன்னேன், கதை சொன்னேன், நட்பின் பெருமை சொன்னேன், பிரிவைத் தாங்கும் வலிமை பற்றிச் சொன்னேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். “நீங்க பேசுறத நிறுத்துங்க. அவ பேசுவா” என்றாள். இதுதான் என் வீட்டின் நிலை.

நான் செய்த பிழை என்ன? சொல்லுங்கள். எத்தனை இரவு விழித்து எண்ணியிருக்கிறேன்! ஒற்றுமை வேண்டும் என்றது பிழையா? சீப்புக் கொடுத்தது பிழையா? சென்ற வாரம் உங்கள் பிளாக்குக்கே வந்தேன். சகாயமேரி குழாயடியில் குடத்தோடு நின்றார். மன்னிப்பு என்ற சொல்லையே சொன்னேன் ஐயா, தவறு நடந்திருந்தால் மன்னியுங்கள் என்று. “தண்ணி நின்னுடும் சார், அப்புறம் பேசலாம்” என்றார். அந்த அப்புறத்துக்காகத்தான் இன்று இவளையும் அழைத்துக்கொண்டு வந்தேன். இவள் முகத்தைப் பார்த்தாவது இரங்க மாட்டார்களா?

மணி அடித்துவிட்டது. எழுந்திரு இளவெயினி. கையைப் பிடித்துக்கொள், கூட்டமாக இருக்கிறது. அதோ, சகாயமேரி. நீங்களும் எழுந்து வாருங்கள் ஐயா, பக்கத்தில் நில்லுங்கள்.

வணக்கம் அம்மா. அறவாழி. குழாயடியில்...

“தெரியுது சார். ஐயே, இன்னா சார் புள்ள இப்டி எளச்சிப்போச்சு? கன்னம்லாம் ஒட்டிக்கினு! கண்ணு, இங்க வா. சாப்புட்றது இல்லியா நீ?”

அதைத்தான் அம்மா சொல்ல வந்தேன். உண்பதில்லை, உறங்குவதில்லை, உங்கள் மகள் பெயரைத் தவிர... அந்தப் பெயரைக்கூட இப்போது சொல்வதில்லை. கைகூப்பிக் கேட்கிறேன். எஸ்தரை மீண்டும் அங்கே அனுப்புங்கள். கூட்டத்தில் இனி உங்களுக்கு முன்வரிசை. நானே எழுந்து இடம் கொடுக்கிறேன். பெட்டி இல்லை, மேடை இல்லை, ஒன்றும் இல்லை.

“அது வேணாம் சார். எம் பொண்ணு இங்க நல்லாக்கீது. யாரும் தலயப் பாக்கறதில்ல.”

அப்படியானால் என் மகள் என்ன ஆவாள் அம்மா?

“இன்னாத்துக்கு சார் இப்டி கலங்கறீங்க? உங்க பொண்ண இங்க கொணாந்து உடுங்க. இதுவும் கவர்மென்ட்டு ஸ்கூல்தான? பெரிய டீச்சர் ரூம்லதான் கீறாங்க. நா சொன்னா இப்பவே சேத்துக்குவாங்க. எஸ்தர் பக்கத்துலயே ஒக்காரட்டும். மத்தியானம் பசிச்சா நம்ம வூடு இதோ இருக்குது. நா பாத்துக்க மாட்டனா?”

இங்கேயா?

இல்லை அம்மா, நீங்கள் அன்போடு சொல்கிறீர்கள், அந்த அன்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் சிந்திக்க வேண்டும். கலந்து படிப்பது என்றால் இரு பக்கத்திலும் ஆட்கள் வேண்டும் அல்லவா? எங்கள் பக்கத்திலிருந்து வேறு ஒரு குழந்தையும் இல்லாமல், இவள் ஒருத்தி மட்டும், இத்தனை பேருக்கு நடுவில்... நாளை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால்? மேடை போட்டு இவளைத் தனியாக நிறுத்திவிட்டால்? சிறு நெஞ்சு அம்மா, தாங்குமா? என் மனைவியிடம் என்ன சொல்வேன்? வரதன் என்ன சொல்வார்? நீங்களே சொல்லுங்கள் ஐயா, நீங்கள் அனுபவம் உள்ளவர். ஒரு குழந்தையை இப்படித் தனியே...

இளவெயினி! கையை விடாதே. இளவெயினி, நில்!

உள்ளே ஓடிவிட்டாள். அந்தப் பிள்ளைகள் கூட்டத்தில் எங்கே போனாள் என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா ஐயா? எங்கே, அந்தத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகவா? ஆமாம். எஸ்தரோடுதான் நிற்கிறாள். பாருங்கள், கைகளை ஆட்டுகிறாள். வாய் அசைகிறதே! பேசுகிறாள், ஐயா. பேசுகிறாள். இங்கே வரைக்கும் கேட்கிறது. என் மகளின் குரல்தான் அது. கடவுளே, எத்தனை காலம் ஆயிற்று!

ஐயா, ஓர் உதவி. நீங்கள் உள்ளே போய் அவளை அழைத்து வருகிறீர்களா? நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர், நீங்கள் போனால் பேரனை அழைக்கப் போனதாக இருக்கும். நான் போனால் டீச்சர் அறையிலிருந்து பார்ப்பார். சகாயமேரி அம்மாளும் அங்கேதான் நடக்கிறார். நான் உள்ளே காலை வைத்தால் சேர்க்க வந்ததாக ஆகிவிடும். முடிவெடுத்ததாக ஆகிவிடும். புரிகிறதா உங்களுக்கு? என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

“சார், உள்ள வர்றீங்களா, வெளிய நிக்கிறீங்களா? கேட்ட சாத்தணும்.”

சாத்தாதீர்கள் காவலாளி அம்மா. என் குழந்தை உள்ளே இருக்கிறாள். ஒரு நிமிடம். வருகிறேன், இல்லை, வரவில்லை... ஒரே ஒரு நிமிடம் பொறுங்கள். சிந்தித்துக்கொண்டிருக்கிறேன்.